பணியிட நடத்தை நெறிமுறை

பணியிட நடத்தை நெறிமுறை என்பது ஒரு நிறுவனத்தில் பணிபுரிவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், எவற்றைச் செய்யக் கூடாது, மீறல் நிகழ்ந்தால் யாரிடம் முறையிட வேண்டும், அம்முறையீடு எவ்வாறு விசாரிக்கப்படும் என்பனவற்றை எழுத்தில் வரையறுக்கும் ஆவணம் ஆகும். அந்த ஆவணம் நடைமுறையில் பின்பற்றப்படுவதை உறுதிசெய்வதற்காக நிறுவனம் மேற்கொள்ளும் பயிற்சி, கண்காணிப்பு, முறையீட்டு வழி, விசாரணை, திருத்தம் ஆகிய ஏற்பாடுகளின் தொகுப்பு இணக்கத் திட்டம் எனப்படுகின்றது.

நெறிமுறை இல்லாத பணியிடத்தில் எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதை மேலதிகாரியின் விருப்பமே முடிவு செய்யும். நெறிமுறை எழுதப்பட்டும் இணக்கத் திட்டம் இல்லாத பணியிடத்தில், விதிகள் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும். ஆகையால் இவ்விரண்டும் சேர்த்தே ஆராயப்படுகின்றன.

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் இத்துறையை விளங்கிக்கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும். நெய்வேலியில் நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனம், சிதம்பரத்தில் பல்கலைக்கழகம், கடலூரில் தனியார் வேதித் தொழிற்சாலைகள், பண்ருட்டிப் பகுதியில் சிறு முந்திரிப் பதப்படுத்தும் கூடங்கள் என வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்ட பணியிடங்கள் இங்கு அருகருகே அமைந்துள்ளன.

சொற்பொருள்

இத்துறையில் வழங்கும் சில சொற்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுவது உண்டு. அவற்றின் வேறுபாடு வருமாறு:

• அறநெறிக் கோவை: நிறுவனம் மதிக்கும் விழுமியங்களைப் பொதுப்படக் கூறுவது. நேர்மை, சமத்துவம், பாதுகாப்பு போன்றன இதில் இடம்பெறும். இதனை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்க இயலாது.
• நடத்தை நெறிமுறை: விழுமியங்களைக் குறிப்பான செயல்களாக மாற்றிக் கூறுவது. "ஒப்பந்தக்காரரிடம் அன்பளிப்புப் பெறக் கூடாது" என்பது இதற்கு எடுத்துக்காட்டு.
• நிலையாணைகள்: தொழிலகங்களில் தொழிலாளரின் பணி நிபந்தனைகளையும் தவறான நடத்தைகளையும் வரையறுக்கும், சட்டப்படி சான்றளிக்கப்பட்ட விதிகள்.
• நடத்தை விதிகள்: அரசு ஊழியருக்கும் பொதுத்துறை அலுவலருக்கும் உரியவை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 1973 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும்.
• இணக்கத் திட்டம்: மேற்கூறியவற்றைச் செயற்படுத்தும் ஏற்பாடு.

வரலாறு

இந்தியாவில்

இந்தியாவில் தொழிற்சாலைகள் தோன்றிய காலத்தில் பணி விதிகள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஆளெடுப்பும் ஆள்நீக்கமும் மேஸ்திரிகளின் கையில் இருந்தன. தாமதமாக வந்தால் எவ்வளவு கூலி பிடிக்கப்படும், எதற்காக வேலை பறிபோகும் என்பது தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரியாது. 1918 இல் சென்னையில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் முன்வைத்த குறைகளில் மேலாளர்களும் மேஸ்திரிகளும் தொழிலாளரை நடத்திய விதமும் ஒன்றாகும்.

இந்நிலையை மாற்றும் நோக்கில் 1946 இல் தொழிலக வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம் இயற்றப்பட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் தொழிலகம், தன் விதிகளை வரைந்து சான்றளிக்கும் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என இச்சட்டம் கூறியது. 1956 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், அவ்விதிகள் நியாயமானவையா என்று ஆராயும் அதிகாரமும் அவ்வலுவலருக்குக் கிடைத்தது.

அரசுத் துறையில் ஊழல் தடுப்பை ஆராய 1962 இல் கே. சந்தானம் தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின்படி 1964 இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் நிறுவப்பட்டது. 2003 இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்வாணையத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது.

1984 இல் நிகழ்ந்த போபால் நச்சுவளிக் கசிவைத் தொடர்ந்து, 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1987 இல் திருத்தப்பட்டது. இடர்மிகு செயல்முறைகள் பற்றிய தனி இயல் சேர்க்கப்பட்டது. ஆபத்துக்களைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளிப்படுத்துதல், தொழிலாளர் பங்கேற்கும் பாதுகாப்புக் குழு, உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் தொழிலாளியின் உரிமை ஆகியன இதன்வழி வந்தன.

1997 ஆகத்து 13 அன்று விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் நெறிமுறைகளை வகுத்தது. இதற்கான சட்டம் 2013 இல் இயற்றப்பட்டு அவ்வாண்டு திசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

உலகில்

ஐக்கிய அமெரிக்காவில் நிறுவனங்கள் வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டு அளிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1977 இல் இயற்றப்பட்டது. 1991 இல் அங்கு நடைமுறைக்கு வந்த நிறுவனங்களுக்கான தண்டனை வழிகாட்டல்கள், முறையான இணக்கத் திட்டம் கொண்டுள்ள நிறுவனத்துக்குத் தண்டனையைக் குறைக்க இடமளித்தன. இணக்கம் ஒரு தனித் துறையாக வளர்ந்தமைக்கு இது முக்கிய காரணம் ஆகும். ஐக்கிய இராச்சியத்தின் 2010 ஆம் ஆண்டுக் கையூட்டுச் சட்டம், போதிய தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்பதை நிறுவனத்தின் எதிர்வாதமாக ஏற்கின்றது. 2018 இல் திருத்தப்பட்ட இந்திய ஊழல் தடுப்புச் சட்டமும் வணிக நிறுவனங்களைப் பொறுத்து இதே கொள்கையைப் பின்பற்றுகின்றது. இணக்க மேலாண்மை முறைமைக்கான பன்னாட்டுச் சீர்தரம் ஐ.எஸ்.ஓ 37301 ஆகும். இது 2021 இல் வெளியிடப்பட்டது.

சட்ட அடிப்படை

இந்தியாவில் நடத்தை நெறிமுறை பெரும்பாலும் நிறுவனத்தின் தனி விருப்பத்தால் மட்டும் உருவாவது இல்லை. பின்வரும் சட்டங்கள் அதன் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கின்றன.

நிலையாணைகள்

1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சான்றளிக்கும் அலுவலர் வரைவின் படியைத் தொழிற்சங்கத்துக்கு, சங்கம் இல்லாவிடில் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு, அனுப்பி 15 நாட்களுக்குள் எதிர்ப்புரைகளைக் கேட்க வேண்டியிருந்தது. சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும், வாயிலருகே பலகையில் வைக்கப்பட வேண்டியிருந்தது. விதியை அறிவதே தொழிலாளியின் உரிமை என்னும் கருத்தை இது நிலைநாட்டியது.

நான்கு புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. நிலையாணைச் சட்டத்தின் இடத்தைத் தொழிலுறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 பெற்றது. இதன்படி 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட தொழிலகங்களுக்கே நிலையாணைகள் கட்டாயம் ஆகும். தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 பெற்றது.

நிறுவனச் சட்டம்

2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இயக்குநர்களும் ஊழியர்களும் முறைகேடுகளைத் தெரிவிப்பதற்கான விழிப்பு ஏற்பாட்டைக் கொண்டிருக்க வேண்டும். முறையிடுவோர் பழிவாங்கப்படாமல் காக்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்

2013 ஆம் ஆண்டின் இச்சட்டம் 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழு அமைப்பதைக் கட்டாயமாக்குகின்றது. இதன் முக்கிய கூறுகள்:

• குழுவின் தலைவர் அப்பணியிடத்தின் மூத்த பெண் ஊழியராக இருத்தல் வேண்டும்.
• உறுப்பினரில் பாதிப் பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும்.
• அரசு சாரா அமைப்பைச் சேர்ந்த, அல்லது இத்துறையை அறிந்த வெளி உறுப்பினர் ஒருவர் இருத்தல் வேண்டும்.
• நிகழ்வு நடந்த 3 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாதங்கள் நீட்டிக்கலாம்.
• விசாரணை 90 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும்.
• குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

10 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களில் இருந்தும், முதலாளி மீதே முறையீடு எழும் இடங்களில் இருந்தும் வரும் முறையீடுகளை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்கும். இக்குழுக்கள் பல இடங்களில் அமைக்கப்படவே இல்லை என்பதைக் கருத்திற்கொண்டு, 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சரிபார்க்குமாறு அரசுகளுக்கு ஆணையிட்டது.

நெறிமுறையை உருவாக்குதல்

விளைவு தரும் நெறிமுறை ஒன்றை உருவாக்குவதில் பின்வரும் படிநிலைகள் பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன.

இடர் கணிப்பு

முதலில் அப்பணியிடத்தில் எவ்வகைத் தவறுகள் நிகழக்கூடும் என்று பட்டியலிடப்படும். வேதித் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு விதி மீறலும் கழிவு வெளியேற்றமும் பெரிய இடர்கள் ஆகும். பல்கலைக்கழகத்தில் பணி நியமனம், தேர்வு, மாணவருடனான அதிகார உறவு ஆகியன இடர்கள் ஆகும். கட்டுமானம், கொள்முதல் ஆகியவற்றில் கையூட்டே முதன்மை இடர் ஆகும். வேறொரு நிறுவனத்தின் நெறிமுறையை அப்படியே படியெடுத்தால் இவ்வேறுபாடுகள் விடுபட்டுப் போகின்றன.

வரைதல்

விதி தெளிவாக இருத்தல் வேண்டும். "ஒழுங்கீனமாக நடக்கக் கூடாது" என்பதைப் படிக்கும் இருவர் இருவேறு பொருள் கொள்ளக்கூடும். நிலையாணையில் குறிப்பிடப்படாத செயலைத் தவறான நடத்தை எனக் கூறித் தண்டிக்க இயலாது என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1980களில் வழங்கிய தீர்ப்புகளில் உறுதிப்படுத்தியது. இக்கொள்கை தொழிலாளியைக் காப்பதுடன், தெளிவாக எழுத வேண்டிய பொறுப்பை நிறுவனத்தின் மீது சுமத்துகின்றது.

1946 ஆம் ஆண்டு நடுவண் விதிகளின் மாதிரி நிலையாணைகள் தவறான நடத்தைகளாகப் பின்வருவனவற்றைக் குறிப்பிட்டன: மேலதிகாரியின் சட்டப்படியான ஆணைக்கு வேண்டுமென்றே பணியாமை, களவும் மோசடியும், நிறுவனச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தல், கையூட்டு, விடுப்பின்றி 10 நாட்களுக்கு மேல் வராமை, வழக்கமான தாமதம், பணியிடத்தில் கலவரம் விளைவித்தல், வழக்கமான கவனக்குறைவு, சட்டத்துக்குப் புறம்பான வேலைநிறுத்தம்.

கலந்தாய்வும் மொழியும்

விதிக்கு உட்படுவோரைக் கலந்து எழுதப்படும் விதி எளிதில் ஏற்கப்படும். இரவு முறைப் பணியில் ஆளில்லாத வாயில், பழுதான பாதுகாப்புக் கருவி போன்றவற்றை அங்கு வேலை செய்வோரே அறிவர். நெறிமுறை தமிழிலும், வட மாநிலத் தொழிலாளர் பணிபுரியும் இடங்களில் இந்தியிலும் தரப்படுதல் வேண்டும். எழுத்தறியாதோருக்கு வாய்மொழியாக விளக்கப்படுதல் வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் பெறப்பட்ட கையொப்பம் விதி புரிந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

பயிற்சி

ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் உரையை விட, பணியோடு சேர்ந்த குறுகிய பயிற்சி பயன்மிக்கது. எடுத்துக்காட்டாக, கொள்முதல் பிரிவினருக்கு ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நடைமுறையின்போதே நலன் முரண் விளக்கப்படலாம். பணிமுறை தொடங்கும் முன்னர் ஐந்து நிமிடம் பாதுகாப்புப் பற்றிப் பேசும் வழக்கம் பல ஆலைகளில் உள்ளது.

முறையீட்டு வழி

இணக்கத் திட்டத்தின் மிகக் கடினமான பகுதி முறையீட்டு வழி ஆகும். தவறு செய்பவர் நேரடி மேலதிகாரியாக இருப்பின், முறையீடும் அவர் வழியே செல்ல வேண்டும் என்னும் ஏற்பாடு பயனற்றது. ஆகையால் குறைந்தது இரண்டு வெவ்வேறு வழிகள் இருத்தல் வேண்டும். முறையிட்டவரின் அடையாளம் காக்கப்படுதல், பெறப்பட்ட முறையீட்டுக்கு எண்ணிட்டுப் பதிவு செய்தல், முடிவை முறையிட்டவருக்குத் தெரிவித்தல், இடமாற்றம், மதிப்பீட்டுக் குறைப்பு போன்ற மறைமுகப் பழிவாங்கல்களைக் கண்காணித்தல் ஆகியன இதன் கூறுகள் ஆகும்.

நெடுஞ்சாலைத் திட்டமொன்றில் முறைகேடுகளைத் தெரிவித்த பொறியாளர் சத்தியேந்திர துபே 2003 இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2004 இல் நடுவண் அரசு வெளியிட்ட தீர்மானம் ஒன்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் அடையாளம் காக்கப்பட்டு முறையிட வழிசெய்தது. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014 இல் இயற்றப்பட்டபோதும், அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

உள்விசாரணை

முறையீடு ஒன்றின் அடிப்படையில் ஒருவரின் வாழ்வாதாரம் பறிபோகக்கூடும் என்பதால், உள்விசாரணை இயற்கை நீதிக் கோட்பாடுகளுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். சுர் எனாமல் அண்டு ஸ்டாம்பிங் ஒர்க்ஸ் வழக்கில் 1963 இல் உச்ச நீதிமன்றம் முறையான உள்விசாரணைக்கு ஐந்து தேவைகளைக் குறிப்பிட்டது:

• குற்றச்சாட்டு ஊழியருக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்படுதல்.
• சாட்சிகள் அவர் முன்னிலையில் விசாரிக்கப்படுதல்.
• அச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்பு அளிக்கப்படுதல்.
• தன் தரப்புச் சாட்சிகளையும் சான்றுகளையும் முன்வைக்க அவருக்கு வாய்ப்பு அளிக்கப்படுதல்.
• விசாரணை அலுவலர் தன் முடிவுகளைக் காரணங்களுடன் பதிவு செய்தல்.

விசாரணைக் காலத்தில் தொழிலாளி பணியிடை நீக்கம் செய்யப்பட்டால், அவருக்குப் பிழைப்பூதியம் வழங்கப்பட வேண்டும். முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தின் 50 விழுக்காடும், அதன் பின்னரும் அவரது தவறின்றித் தாமதம் நேர்ந்தால் 75 விழுக்காடும் வழங்கப்படும். விசாரணையை இழுத்தடிப்பதால் நிறுவனத்துக்குச் செலவு கூடும் வகையில் இது அமைக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாடு அரசு ஊழியர் மீதான நடவடிக்கைகள் தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளின் 17(அ), 17(ஆ) பிரிவுகளின் கீழ் எடுக்கப்படுகின்றன. முன்னது சிறு தண்டனைகளுக்கும், பின்னது பணிநீக்கம் உள்ளிட்ட பெருந்தண்டனைகளுக்கும் உரியது. அலுவலகப் பேச்சு வழக்கில் இவை "17 ஏ", "17 பி" எனப்படுகின்றன.

தண்டனை தவற்றின் அளவுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ஒரே தவற்றுக்குக் கடைநிலை ஊழியருக்குப் பணிநீக்கமும் உயர் அலுவலருக்கு எச்சரிக்கையும் அளிக்கப்படும் இடத்தில், ஊழியர் அந்நெறிமுறையின் மீது நம்பிக்கை இழக்கின்றனர்.

கடலூர் மாவட்டத்தில்

நெய்வேலி

1956 இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 2016 முதல் என்.எல்.சி இந்தியா நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நடுவண் பொதுத்துறை நிறுவனம் என்பதால் இதன் அலுவலர்களுக்கு நடத்தை, ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளும், தொழிலாளருக்கு நிலையாணைகளும் பொருந்துகின்றன. ஊழல் தொடர்பான முறையீடுகள் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் அதிகார எல்லைக்குள் வருகின்றன. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருப்பதால் நிறுவனச் சட்டத்தின் விழிப்பு ஏற்பாடும் கட்டாயம் ஆகும். ஆகவே, காகித அளவில் இந்நிறுவனம் பல அடுக்கு விதிகளைக் கொண்டது.

2020 மே 7 அன்று இந்நிறுவனத்தின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவு ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்தது. காயமடைந்த எட்டுப் பேரில் சிலர் பின்னர் உயிரிழந்தனர். 55 நாட்கள் கழித்து, 2020 சூலை 1 அன்று, அதே மின் நிலையத்தின் மற்றொரு பிரிவில் வெடிப்பு நிகழ்ந்தது. அன்றே 6 பேர் உயிரிழந்தனர். காயமடைந்தோரில் மேலும் சிலர் பின்னர் இறந்தனர். உயிரிழந்தோரில் ஒப்பந்தத் தொழிலாளரும் அடங்குவர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இந்நிகழ்வுகள் இணக்கத் திட்டம் பற்றிய இரண்டு கேள்விகளை எழுப்புகின்றன. முதலாவது, முதல் விபத்தில் இருந்து பெறப்படும் பாடம் அடுத்த பிரிவை எவ்வளவு விரைவில் சென்றடைகின்றது என்பது. இரண்டாவது, நிரந்தரத் தொழிலாளருக்காக எழுதப்பட்ட விதிகளும் முறையீட்டு வழிகளும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கிட்டுகின்றனவா என்பது. ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை ஒப்பந்தக்காரரின் கையில் இருப்பதால், ஆபத்தைச் சுட்டிக்காட்டும் துணிவு அவருக்குக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

கடலூர் சிப்காட்

தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம் 1980களில் கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் சாலையை ஒட்டி உருவாக்கிய தொழிற்பேட்டையில் வேதிப்பொருள், மருந்து, பூச்சிக்கொல்லி ஆலைகள் அமைந்துள்ளன. இவற்றின் மாசு பற்றிக் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய சுற்றுப்புற ஊர் மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர்.

2004 இல் இவ்வூர்களைச் சேர்ந்தோர் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்னும் குழுவாக இயங்கத் தொடங்கினர. நாற்றம் வீசும் நேரத்தையும் இடத்தையும் குறித்துவைத்தல், மூடிய வாளிக்குள் பொருத்திய பையில் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புதல் ஆகியன இக்குழுவினர் பின்பற்றிய முறைகள் ஆகும். நிறுவனங்கள் தம் இணக்கத்தைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு, வெளியார் கண்காணிப்பு எவ்வாறு துணை நிற்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு ஆகும்.

2021 மே 13 அன்று இத்தொழிற்பேட்டையின் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நிகழ்ந்த விபத்தில் 4 தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர்.

சிதம்பரம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 இல் சிதம்பரத்தில் இராசா சர் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பட்டது. நிதி நெருக்கடியைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2013 ஏப்ரலில் இதற்கு நிருவாகி ஒருவரை நியமித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் அரசின் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. தேவைக்கு மிகுதியாக இருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் பின்னர் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டனர். நியமனம், நிதி ஆகியவற்றில் முறையான கட்டுப்பாடு இல்லாதபோது, அதன் சுமை இறுதியில் ஊழியர் மீது விழுவதை இது காட்டுகின்றது.

நடத்தை நெறிமுறைகளின் வரலாற்றில் சிதம்பரத்துக்கு மற்றொரு துயரமான இடமும் உண்டு. 1996 நவம்பரில் இப்பல்கலைக்கழகத்தின் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, பகடிவதையைத் தொடர்ந்து மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011 இல் மீண்டும் நிலைநாட்டியது. இந்நிகழ்வைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு முதலில் அவசரச் சட்டத்தையும், பின்னர் 1997 இல் பகடிவதைத் தடைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. இதன்படி பகடிவதைக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.

2009 இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குவிதிகள் சட்டத்தின் தடையை ஒரு முழுமையான இணக்கத் திட்டமாக விரித்தன. மாணவரும் பெற்றோரும் அளிக்கும் உறுதிமொழி, பகடிவதைத் தடுப்புக் குழு, விடுதிகளைத் திடீரெனப் பார்வையிடும் படை, 24 மணி நேரத் தொலைபேசி உதவி ஆகியன அவற்றில் அடங்கும். "மரபு" எனவும் "விளையாட்டு" எனவும் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஒரு செயல், குறிப்பான விதியாலும் முறையீட்டு வழியாலும் குற்றமாக உணரப்பட்டமைக்கு இது சான்று ஆகும்.

பண்ருட்டி

பண்ருட்டிப் பகுதியின் முந்திரிப் பதப்படுத்தும் தொழிலில் பெண்களே பெரும்பான்மையாகப் பணிபுரிகின்றனர். 10 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் கூடங்களுக்கு உள்ளகக் குழுவும் நிலையாணைகளும் பொருந்துவது இல்லை. அவ்விடங்களில் பணிபுரியும் பெண்ணுக்குப் பாலியல் துன்புறுத்தல் தொடர்பாக உள்ள வழி மாவட்ட உள்ளூர்க் குழு ஆகும். மாவட்டத் தலைநகரான கடலூரில் இருந்து தொலைவில் உள்ள ஊர்களில் இக்குழு பற்றிய செய்தியைக் கொண்டுசேர்ப்பதே முதல் தேவை ஆகும்.

மதிப்பீடு

இணக்கத் திட்டம் இயங்குகின்றதா என்பதை அறியப் பின்வரும் கேள்விகள் பயன்படுகின்றன:

• ஓராண்டில் எத்தனை முறையீடுகள் வந்தன, அவற்றை முடிக்க எத்தனை நாட்கள் ஆயின?
• முறையிட்டவர்கள் ஓராண்டு கழித்தும் அதே பணியில் உள்ளனரா?
• உயர் அலுவலர் மீதான முறையீடுகளும் விசாரிக்கப்பட்டனவா?
• ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சி பெற்றனரா?
• நெறிமுறை கடைசியாக எப்போது திருத்தப்பட்டது?

முறையீடே வராமை நல்ல அறிகுறி என்று கொள்ள இயலாது. அச்சமோ வழி அறியாமையோ அதன் காரணமாக இருக்கக்கூடும்.

விமர்சனங்கள்

நடத்தை நெறிமுறைகள் பல இடங்களில் வெளித்தோற்றத்துக்கான ஆவணங்களாகவே உள்ளன என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் 64 பக்க அறநெறிக் கோவை ஒன்றைத் தன் ஊழியருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டே கணக்கு மோசடி வெளிப்பட்டு அந்நிறுவனம் வீழ்ந்தது. இந்தியாவின் சத்யம் நிறுவனம் 2008 இல் நிறுவன ஆளுகைக்கான விருது பெற்றது. 2009 சனவரியில் அதன் தலைவரே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார்.

நெறிமுறைகள் கீழ்நிலை ஊழியரைக் கட்டுப்படுத்தவும், சங்கச் செயற்பாட்டைத் தடுக்கவும் பயன்படுத்தப்படுகின்றன என்று தொழிற்சங்கங்கள் குறைகூறுகின்றன. நிலையாணைகளுக்கான வரம்பு 100 இல் இருந்து 300 ஆக உயர்த்தப்பட்டமையால் பெருந்தொகையான தொழிலாளர் எழுத்து வடிவிலான பாதுகாப்பை இழப்பர் என்பதும் அவற்றின் கருத்து ஆகும். சிறு நிறுவனங்களின் மீதான நடைமுறைச் சுமை இதனால் குறையும் என்பது அரசும் தொழில் அமைப்புகளும் முன்வைக்கும் வாதம் ஆகும்.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் ஒரு நிறுவனம் தானாக நெறிமுறை வகுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. 20 பேர் பணிபுரியும் பட்டறைக்கு இரண்டு பக்க நெறிமுறையே போதுமானது. செய்யத்தகாதவை, முறையிட வேண்டிய இருவரின் பெயர், பதிலுக்கான கால வரம்பு, முறையிட்டவர் பழிவாங்கப்பட மாட்டார் என்னும் உறுதி ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• இயற்கை நீதி
• தொழிற்சங்கம்
• விசாகா வழக்கு
• பகடிவதை
• போபால் பேரழிவு
• அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
• கடலூர் மாவட்டம்